சின்ன ர, பெரிய ற

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் காய்ந்த துணி முழுக்கத் தூசி, மறுபடி அலசினேன். ஆய்ந்து வைத்த முருங்கைக்கீரை பாதி பறந்துபோனது.

நேற்று எருமப்பட்டிக்குப் போய் வந்தேன். என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சரின் அம்மாவுக்குப் பதினாறாம் நாள். போனதும் வந்ததும் பஸ். இன்று காலை இட்லி வைக்கும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எருமப்பட்டி தாண்டி பதினெட்டு நிமிசம் எதுக்கு நின்னே?"

பஸ் டயர் பஞ்சர் என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் தெரிந்த முகமும் இல்லை. கால் மணி என்றோ இருபது என்றோ கேட்டிருந்தால் ஊகம் என்று விட்டிருப்பேன். பதினெட்டு.

எ.கா.: ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தபோது டிரைவர்களிடம் இப்படித்தான் கேட்பார். எல்லா வண்டியிலும் ஜிபிஎஸ். ஆந்திராவில் போர் போடுகிற வண்டியை இங்கே சோபாவில் உட்கார்ந்து போனில் பார்ப்பார். "நெல்லூர் தாண்டி அரை மணி நேரம் எவன் ஊட்டுல விருந்து?" டிரைவர்களுக்கு வேர்த்துவிடும். வண்டிகளை விற்று இரண்டு வருடம். இனி அவருக்குப் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

இதை எழுதுவது பழைய பாடக்குறிப்பு ஏட்டில். முன்பக்கம் எட்டாம் வகுப்பு, ஒற்றுப்பிழைகள். பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன். மதிப்பெண் பதிவேடுகளுக்கு நடுவில் செருகினால் தொடமாட்டார்.

ஜூன் 11, புதன்

வெயில். பதினொரு மணி வரை கரண்ட் இல்லை. உட்கார்ந்து யோசித்ததில், நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்தவை:

— சித்திரையில் எனக்குப் பல் வலி. தலைமையாசிரியை அம்மாவுக்கு மட்டும் எழுதினேன். (அவரும் ஓய்வு பெற்றவர். சேந்தமங்கலத்தில் இருக்கிறார்.) மறுநாள் வீட்டுக்காரர் கிராம்புத் தைலம் வாங்கி வந்தார். அக்கறை என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

— கோயிலில் யார் பெயருக்கு அர்ச்சனை என்பது.

— ருக்குவுக்கு என் மணிக்கட்டைப் பற்றி எழுதிய ஒரே வரி. 'பாத்ரூமில் வழுக்கி விழவில்லை' என்று மட்டும். அன்று மத்தியானம் என் சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் அடித்தது. குழம்பில் உப்பு என்றார்.

ருக்கு என் தங்கை. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால். இரண்டு வருடமாக வருவதில்லை. நான் நாலு வரி எழுதினால் 'சரி' என்று ஒரு பதில். மணிக்கட்டு விஷயம் தெரிந்தது அவளுக்கு மட்டும். எருமப்பட்டி போவதையும் வாட்ஸ்அப்பில் அவளுக்குத்தான் எழுதினேன். மாமாவுக்குப் பயந்து சொல்லிவிடுகிறாளா? பயம் இல்லாமலே சொல்கிறாளா?

கூடப் பிறந்தவளைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

அறிவியலுக்கு ஆள் இல்லாத ஒரு வருடம் நானே ஆறாம் வகுப்புக்கு எடுத்தேன். மூன்று டம்ளரில் மூன்று அவரை விதை. ஒன்றுக்குத் தண்ணீர் இல்லை, ஒன்றுக்குக் காற்று இல்லை, ஒன்றுக்கு இரண்டும் உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் எதனால் முளைத்தது என்று தெரியும். பிள்ளைகளுக்குச் சொன்னதை இன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்று பேருக்கு மூன்று பொய்:

1. பக்கத்து வீட்டு ஈஸ்வரியிடம், போனைச் சமையலறையில் விட்டுவிட்டு, மொட்டை மாடியில் வாயால்: அடுத்த வாரம் கண் டாக்டரிடம் போகிறேன்.

2. ருக்குவிடம், போனில் பேசி: தையல் மெஷின் வாங்கப் போகிறேன்.

3. தலைமையாசிரியை அம்மாவுக்கு, வாட்ஸ்அப்பில் எழுதி: அடுத்த சனிக்கிழமை நைனாமலைக் கோயிலுக்கு ஏறப் போகிறேன்.

பொய் சொல்லும்போது ஈஸ்வரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணுக்கு என்னங்க டீச்சர், சர்க்கரையாங்க என்று உண்மையாகவே கவலைப்பட்டாள்.

ஜூன் 16, திங்கள்

முளைத்தது மூன்றாவது. டீ குடிக்கும்போது, சிரித்துக்கொண்டே:

"முட்டி வலின்னு சொல்றவ நைனாமலை ஏறப் போறியாமா?"

ஆசைப்பட்டேனுங்க, வேண்டாம்னு விட்டுட்டேன் என்றேன். டீயில் சர்க்கரை போட்டேனா என்று இப்போது நினைவில்லை.

கண் டாக்டர் இல்லை. தையல் மெஷின் இல்லை. வாட்ஸ்அப் மட்டும். அப்படியானால் ருக்கு இல்லை. அவளை ஒரு வாரம் மனத்தில் வைத்துத் திட்டியதை என்ன செய்வது?

ஆனால் ஒரு விதை ஒரு தடவை முளைக்காததால் அது முளைக்கவே முளைக்காது என்று ஆகாது. பேச்சையும் கேட்கலாம். எச்சரிக்கை.

ஜூன் 17, செவ்வாய்

ஓசூரில் இருக்கும் மகனுக்குப் போன். பேச்சோடு பேச்சாக, என் போன் எங்கே இருக்கிறது என்று வேறு யாராவது பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"நாந்தாம்மா போட்டுக் குடுத்தேன். அப்பா கேட்டாரு. உனக்கு எங்கியாவது மயக்கம் கியக்கம் வந்துச்சுன்னா தெரியோணுமில்ல?"

நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறான். அம்மாவின் மணிக்கட்டு பாத்ரூமில்தான் உடைந்தது என்று நம்புகிறவன். நான்தான் அவனை அப்படி நம்பவைத்தேன்.

போனை வைத்தபின் தோன்றியது: நான் கேட்டதை அவன் அப்பாவிடம் சொல்வான். மறைக்கத் தெரியாத பிள்ளை. கேட்டிருக்கக் கூடாது.

மாலை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயம்.

ஜூன் 19, வியாழன்

மோகனூரில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. வியாழக்கிழமைகளில் அவர் திருச்செங்கோட்டுக்குப் பழைய ரிக் ஓனர்களைப் பார்க்கப் போய்விடுவார், பத்து மணிக்குப் போனால் நாலு மணிக்குத் திரும்புவார். அதனால் நான் மட்டும். கரும்பு லாரிகள், வழியெல்லாம் சக்கைத் தூள்.

பந்தியில் ருக்கு எனக்கு எதிர் வரிசையில். பார்த்தும் பார்க்காதவள் போல அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். கை கழுவுமிடத்தில் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"டீச்சரம்மாவுக்கு இப்பத்தான் தங்கச்சி ஞாபகம் வந்துச்சாட்டிருக்குது" என்றாள், குழாயைப் பார்த்து.

நீதானே வருவதில்லை என்றேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்து, போனை எடுத்து, வெகுநேரம் மேலே தள்ளித் தள்ளி ஒரு செய்தியைக் காட்டினாள். என் நம்பர். என் படம். இரண்டு வருடத்துக்கு முந்தைய கார்த்திகை. எழுத்துப் பிசகாமல் இங்கே எழுதுகிறேன்:

'ருக்கு நீ இனிமேல் இங்கே வற வேண்டாம். எனக்கு சறி படவில்லை. உன் புறுசனையும் அனுப்பாதே.'

என் போனில் அது இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

முப்பத்து நாலு வருடம் சிவப்புப் பேனா பிடித்தவள் நான். நூறு நோட்டு கலந்து கிடந்தாலும் பிழையைப் பார்த்தே எந்தப் பிள்ளையின் நோட்டு என்று சொல்லிவிடுவேன். 'வர'வுக்குப் பெரிய ற போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

ருக்குவிடம் எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் படித்தது ஐந்து வரைதான். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சின்ன ர, பெரிய றன்னு எங் காதைத் திருகுனவ நீ. நீ எப்படிக்கா இப்படி எழுதுவே? எனக்கு அன்னிக்கே தோணியிருக்கோணும்."

அழுதாள். நான் அழவில்லை. சுற்றிலும் ஆட்கள், யார் போய் யாரிடம் சொல்வார்களோ. முகம் கழுவச் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

தூறல், நின்றுவிட்டது.

கல்யாணமான முதல் வருடம். அவர் ரிக்கோடு மத்தியப் பிரதேசத்தில். அங்கிருந்து கடிதம் வரும். 'நான் சறியாக சாப்பிடுகிறேன். உன் நினைவு வறுகிறது.' எத்தனை தடவை படித்திருப்பேன். ஒரு கடிதத்தில் மட்டும், விளையாட்டாக, பிழைகளைச் சிவப்பில் சுழித்து, பத்துக்கு ஆறு போட்டுத் திருப்பி அனுப்பினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஊருக்கு வந்தார். பையைக் கீழே வைத்தார். முதல் அடி அன்றுதான்.

அதற்குப் பிறகு அவர் எழுதிய எதையும் நான் திருத்தவில்லை. அதனால்தான் அவருக்கு இன்றுவரை ர, ற தெரியவில்லை.

தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூன் 23, திங்கள்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்டெல்லாவின் ஜெராக்ஸ் கடை. ஆதார், பட்டா, பென்ஷன் எல்லாம் விண்ணப்பித்துத் தருவாள். சேலத்துப் பெண், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பென்ஷன் நேர்காணல் வருகிறது, நகல் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டே போனேன். அது பொய்யில்லை.

கடையில் ஆள் குறையும் வரை பெஞ்சில். பிறகு சொன்னேன். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது, ஆச்சரியமாக இருந்தது. அவள் என் போனை வாங்கி வாட்ஸ்அப்பில் 'இணைத்த சாதனங்கள்' என்று ஒரு இடத்தைத் திறந்தாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர். இன்று காலை ஒன்பது பத்துக்குக் கடைசியாகப் பார்த்தது. அவருடைய ஆபீஸ் அறையில் வண்டிக் கணக்குப் பார்த்த பழைய கம்ப்யூட்டர்தான். என் போனை ஒரே ஒரு தடவை அதன் முன்னால் காட்டியிருந்தால் போதுமாம். அங்கிருந்தே என் பெயரில் எழுதலாம், எழுதியதை அழித்தால் என் போனிலும் அழிந்துவிடும், வாங்கியவர் போனில் மட்டும் தங்கும்.

வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டது போல. பூட்டு சரியாகத்தான் இருக்கும், நாமும் தினம் பூட்டுவோம்.

அதைத் துண்டிக்க விரலை நீட்டினேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எடுக்காதீங்க டீச்சர். எடுத்தா அங்க அவருக்குத் தெரிஞ்சிடும். மொதல்ல நீங்க எங்க இருக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இது தொறந்தே இருக்கட்டும்."

நியாயம். திறந்த காதில் நமக்கு வேண்டியதை ஊற்றலாம்.

அவள் சொன்ன மற்றவை: மேப்பில் என் இருப்பிடம் அவருக்கு எந்நேரமும் போகிறது. என் மெயிலின் பாஸ்வேர்டு மகன் போட்டது, அவருக்கும் தெரியும். புதிய மெயில், புதிய பாஸ்வேர்டு எதையும் இந்தப் போனிலோ வீட்டிலோ செய்யக் கூடாது. பென்ஷன் வரும் பேங்க் கணக்கில் இருப்பது அவர் நம்பர். அதை மாற்றினால் பழைய நம்பருக்கு ஒரு செய்தி போகும். அதனால் கடைசி நாளில்தான் மாற்ற வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

"ஜெராக்ஸ் கடையில முப்பத்தஞ்சு நிமிசம்."

கேள்வியாகக்கூட இல்லை. நகல்களை எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். கூட்டமுங்க என்றேன். ம் என்றார்.

அசலெல்லாம் ஸ்டெல்லாவிடம். மேசையில் இருந்தது நகல். அவர் அசலைக் கேட்கவில்லை.

தலைமையாசிரியை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் மாங்காய்த் தொக்கு செய்முறை அனுப்பினேன். நீளமாக, வெந்தயம் வறுப்பது உட்பட. படிக்கட்டும்.

ஜூன் 26, வியாழன்

அவர் திருச்செங்கோடு. என் போன் கட்டில் மேல், சார்ஜில். நான் மட்டும் வெளியே. போன் இல்லாமல் தெருவில் நடந்தது ஏதோ மறந்துவிட்டு வந்தது போல இருந்தது. இரண்டு தடவை பையைத் தடவினேன்.

ஸ்டெல்லாவின் போனில் சொல்லிவைத்தபடி ருக்கு பரமத்தி வேலூரிலிருந்து வந்திருந்தாள். இருவருமாகப் பெண்கள் உதவி மையத்துக்கு. அங்கே ஒரு அம்மா, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, பாதியில் குறுக்கிடாமல் கேட்டார். அவர் சொன்னது: என் விருப்பத்தின் பேரில்தான் வீட்டை விட்டுப் போகிறேன் என்று மகளிர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காணவில்லை என்று வீட்டுக்காரர் புகார் கொடுப்பார், நம்மைத் தேடும் வேலையைப் போலீஸே செய்து கொடுத்துவிடும். ருக்குவின் போனில் இருக்கும் அந்தச் செய்தியை அழிக்கக் கூடாது. படம் எடுத்து இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்.

மனுவை அங்கேயே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டிய மாதிரிக் கடிதம். பொருள் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. மனுவைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீதும் வாங்கியாகிவிட்டது.

தங்குவது ருக்கு வீட்டில் அல்ல. அவர் முதலில் தேடும் இடம் அது. சேலத்தில் பெண்கள் விடுதி, கன்னியாஸ்திரிகள் நடத்துவது. ஸ்டெல்லாவின் சித்தி அங்கே வார்டன்.

ருக்குவுக்கு ஒரே ஒரு விதி சொன்னேன். நான் என்றால் குரல். எழுத்தாக வந்தால் நான் இல்லை.

"பெரிய ற வந்தா கண்டிப்பா நீ இல்ல" என்றாள்.

மூன்றரைக்கு வீட்டில். போன் இருந்த இடத்திலேயே இருந்தது. சற்றே திரும்பியிருந்ததோ? வைத்துவிட்டுப் போனபோது முகம் ஜன்னல் பக்கம் இருந்ததா, சுவர் பக்கமா? நினைவில்லை. இனிமேல் பார்த்து வைக்க வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

அவர் மாம்பழம் வாங்கி வந்தார். சேலத்து மல்கோவா. அவரே நறுக்கினார். கொட்டையைத் தான் எடுத்துக்கொண்டு சதையை எனக்குத் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு புள்ள. இளைச்சுப் போயிட்டே."

எதற்கு? தெரிந்துவிட்டதா? மகன் சொல்லிவிட்டானா? அல்லது வெறும் மாம்பழமா? முப்பத்தெட்டு வருடத்தில் இப்படிப் பத்து மாம்பழ நாட்களாவது இருந்திருக்கும். ஒவ்வொன்றும் என்னை ஒரு வருடம் நிறுத்திவைத்தது. கிராம்புத் தைலத்தை நினைத்துக்கொண்டேன்.

பழம் இனிப்பு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 2, புதன்

காற்று பலம். தென்னை மட்டை ஒன்று காம்பவுண்டில் விழுந்தது.

சரிபார்த்தவை: அசல் சான்றிதழ்கள், பென்ஷன் புத்தகம் — ஸ்டெல்லா. புதிய போன், என் பெயரில் புதிய சிம் (கைரேகை வைத்து வாங்கியது) — ருக்கு. சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்கு — மஞ்சள் பை. மாற்றுச் சேலை இரண்டு — ஈஸ்வரியிடம், இஸ்திரிக்கு என்று. கண் டாக்டர் விஷயம் பொய் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஏடு — இடுப்பில்.

மாலை வாட்ஸ்அப்பில் தலைமையாசிரியை அம்மாவுக்கு: 'நாளை முழுக்க வீட்டில்தான். அலமாரி ஒழிக்கும் வேலை.' அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் அறையில் நாற்காலி நகரும் சத்தம்.

ஜூலை 3, வியாழன்

சேலம். விடுதியின் பார்வையாளர் அறை. மணி ஐந்தரை.

காலை பத்துக்கு அவர் கிளம்பினார். என்னைப் பார்த்து, அலமாரி மேல் ஏறாதே, விழுந்துவைக்காதே என்றார். சரிங்க என்றேன். பத்தே கால் வரை காத்திருந்தேன். போன் சார்ஜில், முகம் ஜன்னல் பக்கம். சிம்மும் அதிலேயே. கதவைப் பூட்டிச் சாவியை எப்போதும் போல மீட்டர் பெட்டிக்குள்.

பேங்க். நம்பர் மாற்றும் படிவம். கவுண்டரில் இருந்த பெண் நிதானமாகத் தட்டினாள். பழைய நம்பருக்கு எஸ்எம்எஸ் போகுமுங்க என்று அவளாகவே சொன்னாள். போகட்டும் என்றேன். அங்கிருந்து நேராக பஸ் ஸ்டாண்ட். ஸ்டெல்லா கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ருக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். ஜன்னலோரம் எனக்கு.

ராசிபுரம் தாண்டி வண்டி நின்றது. யாரோ மூட்டை இறக்கினார்கள். எத்தனை நிமிடம் என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். ஏழில் விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா எழுதிக் கொடுத்தபடி புதிய போனில் புதிய மெயில், புதிய பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை இங்கே எழுதப்போவதில்லை.

ருக்கு ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். டீ வந்தது. அவள் டம்ளரை எடுக்கும்போது அவள் போன் அதிர்ந்தது. திரையில் என் படம், என் பெயர். 'அக்கா'.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போனை என்னிடம் நீட்டினாள்.

'ருக்கு நான் கோயிலுக்கு வந்திறுக்கேன். அவர் கிட்ட சொல்லாதே. நீ இப்ப எங்கே இறுக்கே? சொல்லு நான் அங்கே வறேன்.'

"பதில் போடட்டாக்கா?"

வேண்டாம் என்றேன். படம் எடுத்து வை, இரண்டு இடத்தில்.

பழக்க தோஷம், எண்ணினேன். பெரிய ற மூன்று. மூன்றும் தவறு. பெயரை விட்டால் 'அவர்' மட்டும் சரி.

மறுபடி அதிர்கிறது.